விக்கிப்பீடியாவில் நீங்க எழுதினதை நீக்கிட்டாங்களா? சம்பளமே வாங்காம பதில் சொல்ல ஆட்கள் இருக்காங்க... எங்கே, எப்படிக் கேட்பது?

ஒரு நடிகரின் வயது, ஒரு அணையின் உயரம், ஒரு தேர்தலின் முடிவு... செல்போனில் எதைத் தேடினாலும் முதல் சில முடிவுகளுக்குள் விக்கிப்பீடியா வந்து நின்றுவிடும். அதைப் படிப்பவர்கள் கோடிக்கணக்கில். ஆனால் அதே பக்கத்தில் இருக்கும் 'தொகு' என்ற பட்டனை அழுத்திப் பார்ப்பவர்கள் ரொம்பவே குறைவு. அப்படி அழுத்தி நாலு வரி எழுதியவர்களில் பலருக்குக் கிடைக்கும் முதல் அனுபவம், எழுதியது கொஞ்ச நேரத்தில் காணாமல் போவதுதான்.

யார் நீக்கினாங்க? ஏன் நீக்கினாங்க? யாரிடம் போய்க் கேட்பது? இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்வதற்கென்றே விக்கிப்பீடியாவுக்குள் தன்னார்வலர்கள் இருக்கிறார்கள். இது தெரியாததால் பலர் கோபத்தில் அத்தோடு விலகிவிடுகிறார்கள். சிலர் 'நாங்க பக்கம் போட்டுத் தர்றோம்' என்று வருபவர்களிடம் பணத்தைக் கொடுத்து ஏமாறுகிறார்கள். யார் இந்தத் தன்னார்வலர்கள்? அவர்களால் என்ன முடியும், என்ன முடியாது? பார்க்கலாம்.

எழுதியது ஏன் உடனே காணாமல் போகிறது?

2001 ஜனவரியில் ஆங்கிலத்தில் தொடங்கப்பட்டது விக்கிப்பீடியா. யார் வேண்டுமானாலும் எழுதலாம், யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்பதுதான் அடிப்படை. இந்தத் திறந்த கதவு வழியாக நல்லவர்களும் வந்தார்கள், விஷமிகளும் வந்தார்கள்.

2005-ல் நடந்த ஒரு விவகாரம் இதை உலகத்துக்குக் காட்டியது. ஜான் சைகன்தாலர் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளர், ராபர்ட் கென்னடியிடம் பணியாற்றியவர். கென்னடி சகோதரர்களின் கொலையில் அவருக்கே தொடர்பு இருக்கலாம் என்று சந்தேகிக்கப்பட்டதாக யாரோ அவரைப் பற்றிய பக்கத்தில் பொய்யாக எழுதிவிட்டார். அந்தப் பொய் சுமார் 4 மாதம் அப்படியே இருந்தது. விஷயம் வெளியே வந்ததும் பெரிய சர்ச்சையானது. அதே ஆண்டு டிசம்பரில், கணக்கு தொடங்காதவர்கள் ஆங்கில விக்கிப்பீடியாவில் புதுப் பக்கம் உருவாக்கத் தடை வந்தது.

அதன்பின் கண்காணிப்பு இறுகியது. விஷமத் திருத்தங்களைக் கண்டுபிடித்துத் தானாகவே நீக்கும் 'க்ளூபாட் என்ஜி' போன்ற மென்பொருள்கள் வந்தன. ஒரே கிளிக்கில் பழைய நிலைக்கு மாற்றும் கருவிகள் தன்னார்வலர்கள் கைக்கு வந்தன. பொய்கள் சீக்கிரம் அகன்றன. கூடவே, விதி தெரியாமல் நல்ல எண்ணத்தில் எழுதியவர்களின் வரிகளும் போயின. ஆதாரம் காட்டாத வரி, பத்திரிகைச் செய்தியை அப்படியே காப்பியடித்த பத்தி, விளம்பரம் போல் தெரியும் வாக்கியம் எல்லாமே ஒரே வேகத்தில் நீக்கப்பட்டன.

ஆட்கள் குறைய ஆரம்பித்தார்கள்

இதன் விலை சில ஆண்டுகளில் தெரிந்தது. ஆங்கில விக்கிப்பீடியாவில் தொடர்ந்து எழுதுபவர்களின் எண்ணிக்கை 2007-ல் உச்சத்தைத் தொட்டது. அதன்பின் இறங்குமுகம்தான். 2013 வாக்கில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் குறைந்திருந்தது.

இதை ஆராய்ந்த ஆய்வாளர்கள், நல்ல எண்ணத்தில் வரும் புதியவர்களின் திருத்தங்கள் நிராகரிக்கப்படுவது அதிகரித்திருப்பதையும், அப்படி நிராகரிக்கப்பட்டவர்கள் திரும்பி வராமல் போவதையும் சுட்டிக்காட்டினார்கள். அவர்களுக்குக் கிடைத்ததெல்லாம் தானியங்கி எச்சரிக்கைக் குறிப்புகள். ஒரு மனிதர் வந்து 'இதனாலதான் நீக்கினோம், இப்படி எழுதினா நிக்கும்' என்று சொல்லவில்லை.

இன்னொரு பிரச்சினையும் இருந்தது. 2011-ல் எடுக்கப்பட்ட கணக்கெடுப்பில், விக்கிப்பீடியாவில் எழுதுபவர்களில் பெண்கள் 10 சதவீதத்துக்கும் குறைவு என்று தெரியவந்தது.

'டீஹவுஸ்' வந்தது இப்படித்தான்

இந்த இரண்டு பிரச்சினைகளையும் மனதில் வைத்து 2012 தொடக்கத்தில் ஆங்கில விக்கிப்பீடியாவில் சோதனை முயற்சியாகத் திறக்கப்பட்டதுதான் 'டீஹவுஸ்'. பேரைக் கேட்டு ஏதோ பெரிய விஷயம் என்று நினைக்க வேண்டாம். அது ஒரு கேள்வி பதில் பக்கம், அவ்வளவுதான். கேள்வி கேட்கும் உதவிப் பக்கம் அதற்கு முன்பே இருந்தது. டீஹவுஸ் மாற்றியது, பதில் சொல்லும் தோரணையை.

பதில் சொல்பவர்களுக்கு இங்கே 'ஹோஸ்ட்' என்று பெயர். அதாவது, வீட்டுக்கு வந்தவரை வரவேற்கும் ஆள். அவர்களுக்கான வழிகாட்டுதல்களும் அதற்கேற்ற மாதிரியே இருக்கும்:

- முதலில் வரவேற்க வேண்டும், பிறகுதான் பதில்.
- விக்கிப்பீடியாவுக்குள் மட்டுமே புரியும் சுருக்கெழுத்துகளை அடுக்கக் கூடாது.
- விதிப் பக்கத்தின் லிங்க்கை மட்டும் வீசிவிட்டுப் போகக் கூடாது. எளிய சொற்களில் விளக்க வேண்டும்.
- ஒரே கேள்வி நூறாவது முறை வந்தாலும் பொறுமை காக்க வேண்டும்.

புதிதாகக் கணக்குத் தொடங்கிச் சில திருத்தங்கள் செய்தவர்களுக்கு 'ஹோஸ்ட்பாட்' என்ற மென்பொருள் மூலம் அழைப்பும் போனது. 'சந்தேகம் இருந்தா இங்கே வந்து கேளுங்க' என்பதுதான் அதன் சாரம்.

இதனால் பலன் இருந்ததா? அழைப்பு அனுப்பப்பட்ட புதியவர்களையும் அனுப்பப்படாதவர்களையும் ஒப்பிட்டு 2018-ல் ஓர் ஆய்வு வெளியானது. அழைப்புப் பெற்றவர்களில் அதிகம் பேர் சில வாரம், சில மாதம் கழித்தும் எழுதிக்கொண்டிருந்தார்கள். வித்தியாசம் மலையளவு இல்லை. ஆனாலும், ஒரு வரவேற்பால் மட்டுமே வந்த வித்தியாசம் அது.

பதில் சொல்பவர்கள் யார்?

விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியா அறக்கட்டளை அமெரிக்காவில் பதிவான லாப நோக்கமற்ற அமைப்பு. சர்வர், மென்பொருள், சட்ட விவகாரம், நன்கொடை வசூல் எல்லாம் அவர்கள் பொறுப்பு. ஆனால் எந்தக் கட்டுரையில் என்ன இருக்க வேண்டும் என்பதை முடிவு செய்வது அவர்கள் இல்லை. அது முழுக்கத் தன்னார்வலர்கள் கையில்.

டீஹவுஸில் பதில் சொல்பவர்களும் அப்படித்தான். ஓய்வுபெற்ற ஆசிரியராக இருக்கலாம், கல்லூரி மாணவராக இருக்கலாம், பகலில் அலுவலகம் போய்விட்டு இரவில் உட்கார்ந்து பதில் எழுதுபவராக இருக்கலாம். ஷிப்ட் கிடையாது, சூப்பர்வைசர் கிடையாது. உலகத்தின் ஏதாவது ஒரு மூலையில் யாராவது விழித்திருப்பதால், பல கேள்விகளுக்குச் சில நிமிடங்களிலோ சில மணி நேரத்திலோ பதில் வந்துவிடும். ஒருவர் தவறாகச் சொன்னால் இன்னொருவர் கீழேயே வந்து திருத்துவார். கேள்வி, பதில் எல்லாமே பொதுவில் இருக்கும். பழையவை காப்பகத்துக்குப் போகும். அங்கேயும் தேடிப் படிக்கலாம்.

அடிக்கடி வரும் 5 கேள்விகள்... என்ன பதில்?

1. 'என்னைப் பத்தி நானே பக்கம் எழுதலாமா?'

வேண்டாம் என்பதுதான் பதில். தன்னைப் பற்றியோ, சொந்தக் கம்பெனி பற்றியோ எழுதும்போது நடுநிலை தவறும் என்பதால் இதைக் கடுமையாகத் தவிர்க்கச் சொல்கிறார்கள். ஒருவருக்குப் பக்கம் வேண்டுமென்றால், அவருக்குச் சம்பந்தமில்லாத நம்பகமான பத்திரிகைகளோ நூல்களோ அவரைப் பற்றி விரிவாக எழுதியிருக்க வேண்டும். இதைத் தமிழ் விக்கிப்பீடியர்கள் 'குறிப்பிடத்தக்கமை' என்கிறார்கள். இன்ஸ்டாகிராமில் எத்தனை லட்சம் ஃபாலோயர்ஸ் இருந்தாலும் அது கணக்கில் வராது. கம்பெனியே அனுப்பிய பத்திரிகைக் குறிப்பும் வராது.

2. 'கூகுளில் கிடைச்ச போட்டோவைப் போடலாமா?'

கூடாது. இணையத்தில் கிடைக்கும் பெரும்பாலான படங்களுக்கு யாரோ ஒருவர் உரிமையாளர். நீங்களே எடுத்த படம் என்றால் விக்கிமீடியா காமன்ஸில் ஏற்றலாம். ஆனால் ஒன்றைப் புரிந்துகொண்டு ஏற்ற வேண்டும். அந்தப் படத்தை உலகத்தில் யார் வேண்டுமானாலும், வியாபாரத்துக்கும்கூட, உரிமக் குறிப்பின்படி பயன்படுத்தலாம் என்று நீங்கள் அனுமதி கொடுக்கிறீர்கள். சும்மா சொல்லிவிட்டு அப்புறம் வாபஸ் வாங்க முடியாது.

3. 'எங்க ஊர்ப் பெரியவங்க சொன்னதை எழுதினேன், ஏன் நீக்கினாங்க?'

அச்சிலோ இணையத்திலோ ஏற்கெனவே வெளியான நம்பகமான ஆதாரம் வேண்டும். பெரியவர் சொன்னது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் படிக்கும் இன்னொருவர் அதைச் சரிபார்க்க வழி இல்லை. அதே தகவல் ஒரு பழைய நூலிலோ, மாவட்ட வரலாற்றிலோ இருந்தால் நூல் பெயர், ஆண்டு, பக்க எண்ணோடு போடலாம். அந்த நூல் இணையத்தில் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

4. 'என்னைப் பத்தி தப்பா இருக்கே, நான் சொன்னா நம்ப மாட்டாங்களா?'

இதற்கு ஒரு புகழ்பெற்ற உதாரணம் உண்டு. அமெரிக்க நாவலாசிரியர் பிலிப் ராத், தன்னுடைய 'தி ஹியூமன் ஸ்டெய்ன்' நாவல் யாருடைய வாழ்க்கையின் தாக்கத்தில் உருவானது என்பது பற்றி விக்கிப்பீடியாவில் இருந்த தகவல் தவறு என்றார். நாவலை எழுதியவரே சொன்னாலும், வெளியான வேறு ஆதாரம் வேண்டும் என்று பதில் வந்தது. 2012 செப்டம்பரில் அவர் 'தி நியூயார்க்கர்' இதழின் இணையதளத்தில் ஒரு திறந்த கடிதமே எழுதிவிட்டார். அந்தக் கடிதம் வெளியானதால், அதையே ஆதாரமாகக் காட்டி அவருடைய விளக்கம் கட்டுரையில் சேர்க்கப்பட்டது.

பிலிப் ராத் போல எல்லோராலும் நியூயார்க்கரில் எழுத முடியாதே? அதற்கும் வழி இருக்கிறது. அந்தக் கட்டுரையின் 'உரையாடல்' பக்கத்தில், நீங்கள் யார் என்பதைச் சொல்லி, எந்த வரி தவறு, சரியான ஆதாரம் எது என்று கேட்கலாம். உயிரோடு இருப்பவரைப் பற்றி ஆதாரமே இல்லாமல் அவதூறாக ஏதாவது இருந்தால் உடனே நீக்க வேண்டும் என்பது விதி. பொதுவில் பேச முடியாத விஷயம் என்றால் மின்னஞ்சலில் புகார் செய்யலாம். அந்த மின்னஞ்சல்களைப் பார்த்துப் பதில் சொல்பவர்களும் தன்னார்வலர்கள்தான்.

5. 'நான் திருத்துறேன், அவர் திரும்ப மாத்துறார். என்ன பண்றது?'

நிறுத்துங்கள். மாற்றி மாற்றித் திருத்தினால் அது 'தொகுத்தல் போர்'. ஆங்கில விக்கிப்பீடியாவில் ஒரே பக்கத்தில் 24 மணி நேரத்துக்குள் 3 முறைக்கு மேல் மற்றவர் திருத்தத்தை அழித்தால், உங்கள் கணக்கு முடக்கப்படலாம். உங்கள் பக்கம் நியாயம் இருந்தாலும் இதே கதிதான். உரையாடல் பக்கத்துக்குப் போய்ப் பேசுவது ஒன்றே வழி.

இவர்களாலும் முடியாத விஷயம்

எல்லாப் பதிலும் நல்ல முடிவில் போய் நிற்பதில்லை. அதற்கு 2018-ல் ஒரு சாட்சி கிடைத்தது. கனடாவைச் சேர்ந்த இயற்பியலாளர் டோனா ஸ்டிரிக்லேண்டுக்கு அந்த ஆண்டு அக்டோபர் 2-ம் தேதி நோபல் பரிசு அறிவிக்கப்பட்டது. இயற்பியல் நோபல் பெற்ற மூன்றாவது பெண் அவர். ஆனால் அறிவிப்பு வந்த நேரத்தில் அவருக்கு ஆங்கில விக்கிப்பீடியாவில் பக்கமே இல்லை. அதே ஆண்டு மே மாதம் ஒருவர் எழுதிக் கொடுத்த வரைவு, ஆதாரங்கள் போதவில்லை என்று திருப்பி அனுப்பப்பட்டிருந்தது.

உலகமே விக்கிப்பீடியாவைத் திட்டியது. ஆனால் பிரச்சினை இரண்டு பக்கமும் இருந்தது. பெண் விஞ்ஞானிகளைப் பற்றிப் பத்திரிகைகளும் நூல்களும் குறைவாக எழுதினால், அதை ஆதாரமாகக் கேட்கும் கலைக்களஞ்சியத்திலும் அவர்கள் குறைவாகத்தான் இருப்பார்கள். பதில் சொல்லும் தன்னார்வலர் எவ்வளவு அன்பாகப் பேசினாலும், வெளியே எழுதப்படாததை அவரால் உள்ளே கொண்டுவர முடியாது.

வரைவுகளைப் பரிசீலிப்பதிலும் இதே ஆள் பற்றாக்குறை. பல வரைவுகள் சில வாரம் முதல் சில மாதம் வரை காத்திருக்கின்றன. 6 மாதம் யாரும் தொடாத வரைவு நீக்கப்படலாம். ஆனால் கவலை வேண்டாம், கேட்டால் மீட்டுத் தருவார்கள்.

'பக்கம் போட்டுத் தர்றோம்' என்று வந்தால் உஷார்!

இங்கேதான் மோசடிக்காரர்கள் நுழைகிறார்கள். 2015 ஆகஸ்ட் 31-ம் தேதி ஆங்கில விக்கிப்பீடியாவில் ஒரே நேரத்தில் 381 கணக்குகள் முடக்கப்பட்டன. 'ஆரஞ்ச்மூடி' விவகாரம் என்று இதைச் சொல்வார்கள்.

அவர்கள் செய்தது என்ன? வரைவு நிராகரிக்கப்பட்டவர்களைத் தேடிப் பிடித்தார்கள். 'நாங்க அனுபவமுள்ள விக்கிப்பீடியர்கள், பணம் கொடுத்தா பக்கத்தைக் கொண்டுவந்துடுவோம்' என்றார்கள். பக்கம் வந்த பிறகும் விடவில்லை. அதை யாரும் நீக்காமல் பாதுகாக்க மாதாமாதம் கட்டணம் கேட்டார்கள். மாட்டிக்கொண்டவர்கள் பெரும்பாலும் சிறு வியாபாரிகளும் கலைஞர்களும்தான். இந்த வலையைக் கண்டுபிடித்தவர்களும் தன்னார்வலர்களே. 210 கட்டுரைகள் நீக்கப்பட்டன.

எனவே இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்:

- விக்கிப்பீடியாவில் கட்டுரை எழுத, பரிசீலிக்க, பாதுகாக்க எந்தக் கட்டணமும் கிடையாது.
- ஒரு பக்கம் கட்டாயம் வரும், நீக்கப்படாது என்று யாராலும் உத்தரவாதம் கொடுக்க முடியாது.
- பணம் வாங்கிக்கொண்டு எழுதுபவர், அதை வெளிப்படையாக அறிவிக்க வேண்டும். 2014 முதல் விக்கிமீடியாவின் பயன்பாட்டு விதிகளிலேயே இது இருக்கிறது.
- வரைவு நிராகரிக்கப்பட்ட கையோடு யாராவது தனியாக மெயில் அனுப்பிப் பணம் கேட்டால், டீஹவுஸிலேயே அதைச் சொல்லி விசாரியுங்கள்.

தமிழில் எங்கே கேட்பது?

தமிழ் விக்கிப்பீடியா 2003-ல் தொடங்கப்பட்டது. இன்று அதில் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகள் இருக்கின்றன. தமிழ்நாடு, இலங்கை, புலம்பெயர் நாடுகள் என்று பல இடங்களில் இருந்தும் எழுதுகிறார்கள்.

பயன்படுத்துவது பற்றிய சந்தேகங்களுக்கு இங்கே 'ஒத்தாசைப் பக்கம்' இருக்கிறது. பொதுவான விவாதங்களுக்கு இருக்கும் இடத்தின் பெயர் 'ஆலமரத்தடி'. ஆங்கிலத்தில் இதற்கு 'வில்லேஜ் பம்ப்' என்று பெயர், அதாவது ஊர்க் குழாயடி. நம்ம ஊரில் குழாயடி என்றாலே சண்டைதான் ஞாபகத்துக்கு வரும். தமிழில் அது ஊர் கூடிப் பேசும் மரத்தடியாகிவிட்டது.

கேள்விகளும் தமிழுக்கே உரியவையாக இருக்கும். பெயர்களில் கிரந்த எழுத்து போடலாமா? இலங்கை வழக்கில் எழுதுவதா, தமிழ்நாட்டு வழக்கிலா? இந்த ஆங்கிலச் சொல்லுக்கு எந்தக் கலைச்சொல்? இதற்கெல்லாம் ஒரு வரியில் பதில் கிடைக்காது. பேசித்தான் முடிவுக்கு வர வேண்டும்.

ஆங்கிலத்தோடு ஒப்பிட்டால் தமிழில் ஆட்கள் மிகவும் குறைவு. அதனால் பதில் வரக் கொஞ்சம் தாமதம் ஆகலாம். ஆனால் பதில் சொல்பவர் உங்கள் கட்டுரையைத் திறந்து பார்த்து, பிழையைத் திருத்தியே கொடுத்துவிடுவதும் நடக்கும்.

ஏஐ வந்த பிறகு?

சாட்பாட்டிடம் 'எனக்கு ஒரு விக்கிப்பீடியா கட்டுரை எழுதிக் கொடு' என்று சொல்லி, வந்ததை அப்படியே ஒட்டுபவர்கள் அதிகரித்துவிட்டார்கள். பார்க்க அழகாக இருக்கும். ஆனால் அதில் காட்டப்படும் நூலோ செய்தியோ உலகத்திலேயே இருக்காது. அதைச் சரிபார்க்கும் வேலை தன்னார்வலர் தலையில் விழுகிறது. யாரும் சரிபார்க்காமல் ஏஐ மூலம் உருவாக்கப்பட்டது என்று தெளிவாகத் தெரியும் பக்கங்களை உடனடியாக நீக்கலாம் என்று 2025-ல் ஆங்கில விக்கிப்பீடியா விதியே கொண்டுவந்தது.

கேள்வியையும் சாட்பாட்டை வைத்து எழுத வேண்டாம். உடைந்த ஆங்கிலமாக இருந்தாலும் பரவாயில்லை, உங்கள் சொற்களில் கேட்டால்தான் உங்களுக்கு என்ன வேண்டும் என்பது அவர்களுக்குப் புரியும்.

கேட்பதற்கு முன் கவனிக்க வேண்டியவை

- முதலில் கட்டுரையின் 'வரலாறு' பகுதியைப் பாருங்கள். யார் நீக்கினார், எப்போது நீக்கினார் என்பது அங்கே இருக்கும். காரணமும் பெரும்பாலும் ஒரு வரியில் இருக்கும். நீங்கள் எழுதியதும் பழைய பதிப்பாக அங்கேயே இருக்கும், மறுபடி தட்டச்சு செய்ய வேண்டியதில்லை.
- எந்தக் கட்டுரை என்பதைக் கட்டாயம் குறிப்பிடுங்கள். 'என் பக்கத்தை ஏன் நீக்கினீங்க' என்று மட்டும் கேட்டால் யாராலும் பதில் சொல்ல முடியாது.
- செல்போன் எண், மெயில் முகவரி, வீட்டு முகவரி எதையும் எழுத வேண்டாம். அது பொதுப் பக்கம். பதிலும் அங்கேயேதான் வரும்.
- கேள்வியின் முடிவில் ~~~~ என்று நான்கு அலைக்குறி போட்டால் உங்கள் பயனர் பெயரும் நேரமும் தானாகப் பதிவாகும்.
- மீண்டும் வந்து பதிலைப் பாருங்கள். கேட்டுவிட்டு மறந்துபோனால், சில நாட்களில் அது காப்பகத்துக்குப் போய்விடும்.
- எழுதிப் பழக 'மணல்தொட்டி' என்ற பக்கம் இருக்கிறது. அங்கே என்ன எழுதிப் பார்த்தாலும் எந்தக் கட்டுரையும் கெட்டுப்போகாது.

ஆங்கில விக்கிப்பீடியாவின் கட்டுரை எண்ணிக்கை 2025-ல் 70 லட்சத்தைத் தாண்டியது. இத்தனையையும் பராமரிக்கப் புது ஆட்கள் வந்துகொண்டே இருக்க வேண்டும். இன்று டீஹவுஸில் பதில் சொல்பவர்களும் ஒரு காலத்தில் படம் ஏற்றத் தெரியாமல், மேற்கோள் போடத் தெரியாமல் முழித்தவர்கள்தான். உங்கள் ஊர் ஏரியைப் பற்றி எழுதிய நாலு வரியை யாராவது நீக்கியிருந்தால், ஒத்தாசைப் பக்கத்தில் ஒரு கேள்வி போட்டுப் பாருங்கள். ஆதாரத்தோடு திரும்பி வந்தால், அந்த நாலு வரிக்கு அங்கே இடம் இருக்கிறது.